முட்டுக் கொடுத்தல்

(திருவொற்றியூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'ஆங்கிலச் சொல்வளம் கற்பித்தல்'. நேரம் இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் எத்தனை சொற்களைப் பற்றிப் பேச முடியும் என்று நேற்று இரவு உட்கார்ந்து பட்டியல் போட்டேன். பிறகு பட்டியலைக் கிழித்துவிட்டு ஒரே ஒரு சொல்லோடு வந்திருக்கிறேன். 'சப்போர்ட்' என்ற சொல். அதன் சொந்தக்காரர்கள் சிலரும் கூடவே வருவார்கள். தமிழாசிரியர்களும் தொடக்கநிலை ஆசிரியர்களும் 'இது இங்கிலீஷ் மிஸ் சமாச்சாரம்' என்று செல்போனை எடுத்துவிட வேண்டாம். பாதிக்கு மேல் தமிழைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய பகுதியிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளி. பாடத்தில் 'சப்போர்ட்' வந்தது. கரும்பலகையில் எழுதி, எதிரே 'ஆதரவு' என்று போட்டேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். உண்மையில் அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. 'மிஸ், நீங்க எப்பவும் அவளுக்கே சப்போர்ட் பண்றீங்க' என்று தினமும் நம்மிடம் சண்டைக்கு வருகிற பிள்ளைகள்தானே! ஒரு பக்கம் சாய்ந்து பேசுவது, அதுதான் அவர்கள் அறிந்த சப்போர்ட். எனக்கு அதுவும் போதுமாக இருந்தது. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி வரச் சொன்னேன்.

நாற்பது குறிப்பேடுகளில் முப்பதுக்கு மேல் கிரிக்கெட் அணி. 'ஐ சப்போர்ட் சென்னை.' ஒரே ஒரு பையன் மட்டும் 'மை ஃபாதர் சப்போர்ட்ஸ் போட்ஸ்' என்று எழுதியிருந்தான். படகுகளுக்கு ஆதரவா? இவன் எதையோ குழப்பிக்கொண்டான் என்று நினைத்தேன். சிவப்பு மையில் 'போட்ஸ்' என்பதை அடித்துவிட்டு மேலே 'அவர் ஃபேமிலி' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் வாசித்தும் காட்டினேன். 'படகு என்ன தேர்தல்லயா நிக்குது, உங்க அப்பா ஆதரவு கொடுக்க?' என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவனாக ஒரு வாக்கியம் எழுதவில்லை. கரும்பலகையில் இருப்பதை அச்சுப் பிசகாமல் எழுதுவான். குறிப்பேடு மிகச் சுத்தமாக இருக்கும். 'திருந்திவிட்டான்' என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் மாணவர் சேர்க்கைக்காகத் தெருத் தெருவாகப் போவோமே, அப்படிக் காசிமேடு பக்கம் போனோம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் பழுதுபார்ப்பு நடக்கும். கரையேற்றிய படகுகள் வரிசையாக நின்றன. தண்ணீரில் பார்க்கும்போது தெரியாது, தரையில் ஏறிவிட்டால் படகு ஒரு மாடி வீடு மாதிரி இருக்கிறது. அடிப்பாகம் கூம்பாகக் குறுகி வருவதால் தானாக நிற்காது. அடியில் கட்டைகள் அடுக்கி, இரு புறமும் மரங்களைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் குனிந்து, ஒரு மரத்தின் அடியில் ஆப்பு வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மாணவன், கையில் அடுத்த ஆப்போடு நின்றிருந்தான்.

'அண்ணா, என்ன பண்றீங்க?' என்று கேட்டேன்.

'முட்டு குடுக்குறோம் டீச்சர்' என்றார்.

பையன் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தேன். எத்தனையோ முறை புரட்டிய அகராதிதான், இந்தச் சொல்லுக்காக ஒருநாளும் புரட்டியதில்லை. தெரிந்த சொல்லுக்கு யார் அகராதி பார்ப்பார்கள்? அங்கே தெளிவாக இருந்தது. கீழேயிருந்து பாரத்தைத் தாங்குதல், விழாமல் நிறுத்துதல். கட்சிக்கும் கிரிக்கெட் அணிக்கும் ஆதரவு தருவதெல்லாம் அதிலிருந்து கிளைத்த பொருள்கள். வகுப்பிலேயே அந்தச் சொல்லை அதன் மூலப் பொருளில் எழுதியவன் அவன் ஒருவன்தான். நான் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம்.

'சப்போர்ட்' 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. மூலம் இலத்தீன். 'சப்' என்றால் கீழே, கீழிருந்து. 'போர்தாரே' என்றால் சுமத்தல். கீழிருந்து சுமத்தல், அவ்வளவுதான். 'சப்' என்பதில் இறுதியில் இருந்த மெல்லிய 'ப', அடுத்து வந்த வல்லிய 'ப'வோடு சேர்ந்து அதுவாகவே மாறிவிட்டது. தமிழாசிரியர்கள் சிரிக்கிறீர்கள், நீங்கள் தினமும் நடத்தும் புணர்ச்சிதான். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆகிறதே, அந்தச் சங்கதி.

அந்தப் 'போர்ட்' நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. சுமப்பவர் போர்ட்டர். உள்ளே சுமந்து வருவது இம்போர்ட், வெளியே சுமந்து போவது எக்ஸ்போர்ட், அப்பால் கொண்டுபோவது டிரான்ஸ்போர்ட். கன்டெய்னர் லாரிகளின் பெயர்ப்பலகைகளில் இவை எல்லாமே இருக்கின்றன. எண்ணூர் விரைவு சாலையில் சிக்கிக்கொண்டு நின்றால் பாதிப் பாடத்தை அங்கேயே நடத்திவிடலாம். திரும்பச் சுமந்து வருவது ரிப்போர்ட். நாம் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடும் ரிப்போர்ட்டை அவர்கள் எவ்வளவு பாரத்தோடு வீட்டுக்குச் சுமந்து போகிறார்கள் என்று அந்தச் சொல்லே சொல்கிறது.

துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' இலத்தீனில் வேறு சொல், 'போர்த்துஸ்'. ஆனால் சுமத்தலைக் குறிக்கும் சொல்லும் அதுவும் மிகப் பழைய ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர் கருத்து. கடந்துபோவது என்பது அந்த வேரின் பொருள். இந்தப் 'போர்த்துஸ்' இன்னொரு அழகான சொல்லைத் தந்திருக்கிறது. 'ஆப்பர்ச்சூனிட்டி.' துறைமுகத்தை நோக்கி வீசும் காற்று, அதுதான் அந்தச் சொல்லின் பிறப்பு. பாய்மரக் காலத்தில் கரைசேரக் காற்று ஒத்துவர வேண்டும். 'வாய்ப்பு' என்று எழுதிப்போட்டுக் கடந்துவிடாமல் வாடைக்காற்று, கொண்டல், கச்சான் என்று பிள்ளைகளைப் பேசவிட்டுப் பாருங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நமக்குப் பாடம் எடுப்பார்கள். நான் வாடை என்றால் குளிர்க்காற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவள்.

இந்த ஊரில் துறைமுகம் என்பதே சுமந்து உண்டானதுதான். கோட்டை 1640இல் எழுந்தபோது சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கொண்டுவர மசூலா படகுகளும் கட்டுமரங்களும்தான் கதி. மசூலா படகில் ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் நெகிழ்ந்துகொடுக்கும். அந்தக் கயிறுதான் 'காயர்' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. மலையாளமும் தமிழும் சேர்ந்து கொடுத்த சொல். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது. கப்பல் பயணி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட நூலிலேயே அது இருக்கிறது. 'கூலி'யும் போயிற்று. அது நம் கூலியா, குஜராத்தின் கோலி மக்களின் பெயரா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. நான் இந்த ஊர்க்காரி, நான் எந்தப் பக்கம் சப்போர்ட் பண்ணுவேன் என்று உங்களுக்கே தெரியும்.

1860களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். ஆங்கிலத்தில் 'பியர்'. அந்தச் சொல்லின் முதல் பொருள் என்ன தெரியுமா? பாலத்தின் வளைவைத் தாங்கும் தூண். தாங்குவதன் பெயர் பிறகு அது தாங்கும் முழுக் கட்டுமானத்துக்கும் ஆகிவந்துவிட்டது. துறைமுகக் கட்டுமானம் 1876இல் தொடங்கியது, 1881இல் வந்த புயல் பெரும் பகுதியைச் சாய்த்தது, மறுபடி கட்டினார்கள். இந்த வரலாறு சமூக அறிவியல் ஆசிரியர்களின் பங்கு, நான் அதிகம் தொடவில்லை.

இப்போது 'சப்' குடும்பத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த இடம்.

'சஸ்டெய்ன்' என்றால் கீழிருந்து பிடித்துக்கொள்வது. 'சக்கர்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது, ஆபத்தில் உதவி என்று பொருள். அதைப் பிரித்தால் கீழே ஓடி வருவது. விழப்போகிறவரைத் தாங்க ஓடி வருகிறார்கள். நட்பைப் பற்றிய குறளில் நழுவும் உடையைப் பிடிக்க விரையும் கை வருமே, அதே வேகம். மூன்றாவது, 'சஃபர்'. துன்பப்படுதல். இதைப் பிரித்தால் 'சப்', கீழிருந்து. 'ஃபெர்ரே', சுமத்தல், தாங்குதல். ஆக, சப்போர்ட் என்றாலும் கீழிருந்து சுமத்தல், சஃபர் என்றாலும் கீழிருந்து சுமத்தல். உதவிக்கும் துன்பத்துக்கும் உள்ளே ஒரே படம்தான் இருக்கிறது!

நம்ப முடியாவிட்டால் தமிழைப் பாருங்கள். தூண் கூரையைத் தாங்குகிறது. 'வலி தாங்க முடியல மிஸ்' என்று பிள்ளை சொல்கிறது. இரண்டும் ஒரே தாங்குதான். பிரெஞ்சு மொழியில் இன்றைக்கும் 'சுப்போர்த்தே' என்றால் பொறுத்துக்கொள்வது, சகித்துக்கொள்வது. ஆங்கிலத்திலும் சகிக்க முடியாததை 'இன்சப்போர்ட்டபிள்' என்பார்கள். யார் பாரத்தைத் தாங்குகிறாரோ அவருக்கு வலிக்கும், எந்த மொழிக்காரருக்கும் இதில் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் இதே சொல்லில் இன்னொன்றும் உண்டு. 'புள்ளய தாங்கு தாங்குனு தாங்குறா.' செல்லம் கொடுப்பதும் தாங்குவதுதான்.

மற்றச் சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 'ஹெல்ப்' ஆங்கிலத்தின் சொந்த வீட்டுச் சொல், எங்கிருந்தும் கடன் வாங்கியதல்ல. 'அசிஸ்ட்' என்றால் பக்கத்தில் நிற்பது. பிரெஞ்சில் ஒரு கூட்டத்துக்குப் போய்க் கலந்துகொள்வதையே அந்தச் சொல்லால் சொல்வார்கள். கூட நிற்பதே உதவி. துணைநிற்றல் என்று நாமும் சொல்கிறோமே. 'என்கரேஜ்' என்பதற்குள் இருப்பது இதயம். 'கம்ஃபர்ட்' என்றால் நம் பிள்ளைகளுக்கு ஏசி காரும் மெத்தையும்தான். அதற்குள்ளே இருப்பது 'ஃபோர்ட்டிஸ்', வலிமை. கோட்டையைக் குறிக்கும் 'ஃபோர்ட்' வருவதும் அதிலிருந்துதான். அழுகிற குழந்தையைக் கம்ஃபர்ட் செய்வது என்றால் பலப்படுத்துவது. 'மெயின்ஸ்டே' என்பது பாய்மரக் கப்பலின் பெரிய கொடிமரத்தை முன்புறமாக இழுத்துப் பிடிக்கும் கயிறு. இன்று குடும்பத்துக்கே ஆதாரமானவரை அப்படிச் சொல்கிறார்கள், கயிறு யாருக்கும் ஞாபகம் இல்லை.

நாம் பி.எட். படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்த 'ஸ்கஃபோல்டிங்' இருக்கிறதே, கட்டடத்துச் சாரம். வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரையில் கற்பித்தலுக்கு அதை உவமையாக்கினார்கள். வைகாட்ஸ்கி சொன்னதாக நாம் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் 'ஸ்கஃபோல்ட்' என்றால் தூக்குமேடை என்றும் ஒரு பொருள் உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்.

காசிமேட்டில் நான் பார்த்த அந்தச் சாய்ந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தேடினேன். 'ஷோர்.' கப்பல் பட்டறைகளில் அதுதான் பெயர். கடற்கரையைக் குறிக்கும் 'ஷோர்' வேறு, இது வேறு. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, அகராதியில் தனித்தனிப் பதிவு. 'ஷோர் அப்' என்றால் முட்டுக் கொடுப்பது. 'பொருளாதாரத்தை ஷோர் அப் செய்ய நடவடிக்கை' என்று ஆங்கிலச் செய்தித்தாள் எழுதும்போது அதற்குள் காசிமேட்டு மரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது.

நம் கடற்கரைக்கே இப்போது அந்த மரம் தேவைப்படுகிறது. துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகரும் மணல் தடைபட்டது. தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தேய்ந்தது. நம் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிமார் கடலைக் காட்டி 'அங்கதான் எங்க தெரு இருந்துச்சு' என்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கருங்கல் கொட்டியும் தூண்டில் வளைவுகள் அமைத்தும் மிச்சத்தைத் தாங்கப் பார்க்கிறார்கள். இது ஆங்கிலப் பாடமா, புவியியலா என்று கேட்காதீர்கள். 'சப்போர்ட்' என்ற சொல்லை எடுத்ததும் என் வகுப்பில் ஒரு பெண் எழுந்து தூண்டில் வளைவைப் பற்றிப் பேசினாள். நான் உட்காரச் சொல்லவில்லை. முந்தைய ஆண்டாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

தமிழில் இந்தப் பொருளுக்கு எத்தனை சொற்கள் என்று அன்றைக்கு எண்ணினோம். ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைப்பது அண்டை கொடுத்தல். நோயாளியை இரு பக்கமும் பிடித்து நடத்திவருவது கைத்தாங்கல். தலைச்சுமைக்கு அடியில் துணியைச் சுருட்டி வைப்பது சும்மாடு. ஆதரவு, ஒத்தாசை, துணை, தோள் கொடுத்தல், கொடிக்குக் கொழுகொம்பு, முதியவருக்கு ஊன்றுகோல். ரயில்வே குடியிருப்பிலிருந்து வரும் பையன் தண்டவாளத்துக்குக் கீழே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையைச் சொன்னான். மெக்கானிக் மகள் ஜாக்கி என்றாள். எல்லாமே கீழே இருப்பவை. கண்ணில் படாதவை.

சுமைதாங்கி என்று ஒரு பையன் சொன்னபோது அது ஜெமினி கணேசன் படமா என்று கேட்டேன். இல்லையாம், அவன் தாத்தா ஊரில் கல்லாக நிற்கிறதாம். நகரத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் பார்த்ததில்லை. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். புறப்படும்போதும் தானாகவே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். உயரத்தை அப்படிக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட இன்னொருவர் வேண்டுமே. பிள்ளையோடு இறந்துபோன கர்ப்பிணிப் பெண்களின் நினைவாக அவற்றை நடுவது வழக்கமாக இருந்தது. இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, வழியில் போகிறவர் இறக்கிவைக்க ஒரு கல். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் மேலே பேச வரவில்லை, மணி அடித்தது நல்லதாகப் போயிற்று.

தமிழாசிரியர்கள் கவனிக்க இன்னொன்று. முட்டுக் கொடுத்தால் உதவி. முட்டுக்கட்டை போட்டால் தடை. கட்டை ஒன்றுதான். சுவருக்கு அண்டையாகச் சாய்த்தால் தாங்குகிறது, சக்கரத்தின் முன்னால் போட்டால் நிறுத்துகிறது. இப்போது அரசியல் பேச்சில் 'முட்டுக் கொடுக்கிறான்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு பரிந்து பேசுகிறான் என்று ஆகிவிட்டது. பாவம், அந்தக் கட்டை எத்தனை வேலைதான் செய்யும்! அன்றைக்கு என் சிவப்புப் பேனா எந்தக் கட்டை என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தந்தையிடம் நான் இன்னொரு முறையும் போனேன். மே மாதத்தில் ஒருநாள், தனியாக. எந்தப் பக்கம் எத்தனை மரம், எப்படிக் கணக்கு என்று கேட்டேன். டீச்சர் எதற்கு இதையெல்லாம் கேட்கிறார் என்று முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

'பாரம் இதும்மேல கெடையாது டீச்சர். போட்டு வெயிட்டு எல்லாம் அடிக்கட்டை மேலதான் ஒக்காந்துனுகீது. அது பாரத்த அதுவே தாங்கிக்கும். இது சாயாம இருக்க மட்டுந்தான்.'

'அப்ப நல்லா இறுக்கி அடிச்சிடலாமே அண்ணா?'

'ஐய, அப்டி பண்ணக் கூடாது. ஒரு பக்கம் ஓவரா இறுக்குனா அந்தாண்ட சாஞ்சிடும். ரெண்டு பக்கமும் இறுக்குனா பலகை நெளிஞ்சிடும். லேசா தொட்டுனு நிக்கணும்.'

ஆங்கிலத்தில் கப்பல் பழுதுபார்ப்பது பற்றிப் பிறகு படித்தேன். உலர்துறையில் எடை முழுவதும் அடிக்கட்டைகளின் மேல் நிற்கும், பக்கவாட்டு முட்டுகள் கப்பலை நிமிர்ந்து நிற்க வைக்கத்தான் என்று அதே செய்தி இருந்தது. நான் அதை அவர் வாயால் முதலில் கேட்டேன்.

'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் நம் எல்லாரிடமும் உண்டு. அந்தப் பையன் என் பட்டியலில் இருந்தான். அவனுக்கு நான் கொடுத்த சப்போர்ட் என்ன தெரியுமா? குறைந்தபட்சக் கற்றல் ஏடு ஒன்று, பத்து வினாக்கள், விடையும் நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக உட்காரவைத்து எழுதவைப்பேன். அவன் பாரம் எதுவுமே அவன் அடிக்கட்டையில் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் நான் இறுக்கி அடித்துக்கொண்டிருந்தேன். அவனாக எழுதிய ஒரே வாக்கியத்தை அடித்துவிட்டு, என் வாக்கியங்களை எழுதவைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏடு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தேர்வு நெருங்கும்போது நானும்தான் கொடுக்கிறேன், இன்னும் கொடுப்பேன். ஆனால் அதை முட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

ஜூனில் அவர்கள் பத்தாம் வகுப்புக்கு வந்தார்கள், நானும் கூடவே வந்தேன். முதல் வாரத்தில் அவனுடைய பழைய வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். 'போன வருஷம் இதைத் தப்புன்னு அடிச்சேன். இது சரி. எனக்குத்தான் தெரியல' என்று சொன்னேன். ஆசிரியர் தவற்றை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று என் மூத்த ஆசிரியர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. ஒருத்தி மட்டும், 'அப்ப எனக்கு அடிச்சதையும் பாருங்க மிஸ்' என்றாள். இரண்டு நாள் பழைய குறிப்பேடுகளைத் திருத்தினேன். அவள் எழுதியது தப்புதான்.

பையனைப் படகு வரையச் சொன்னேன். வரமாட்டேன் என்றான். நானே வரைந்தேன். முட்டு மரங்களைச் செங்குத்தாக வரைந்துவிட்டேன் போலிருக்கிறது. 'மிஸ், அப்டி நிக்காது' என்று எழுந்து வந்து அழித்துவிட்டுச் சாய்த்து வரைந்தான். அடியில் கட்டைகளும் போட்டான். பக்கத்தில் 'ஷோர்' என்று எழுதிக்காட்டினேன். கீழே அவன் தமிழில் 'முட்டு' என்று எழுதினான். பிறகு கொஞ்சம் யோசித்து, 'தி கீல் கேரிஸ் தி போட், தி ஷோர்ஸ் சப்போர்ட் இட்' என்ற வாக்கியத்தை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து செய்தோம். 'கேரிஸ்' அவன் சொன்னது.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 41 வாங்கினான். ஆனால் விடைத்தாளில் கடிதப் பகுதியை அவனே எழுதினான் என்று வந்து சொன்னான், 'ஏட்டுல இருந்தது இல்ல மிஸ், நானா எழுதுனேன்' என்று. ஐடிஐ-யில் வெல்டர் பிரிவில் சேர்ந்தான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

இருபது நிமிடம் தாண்டிவிட்டது, ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளிப் பக்கத்துத் தொழிலில் தாங்குவதற்கு, தூக்குவதற்கு, நிறுத்துவதற்கு என்ன சொல் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டு எழுதிவாருங்கள். எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரத்தில் வலை கட்டுகிறவர்கள் ஊன்றுகிற கழிக்கு என்ன பெயர், கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவர்கள் பெட்டி நகராமல் இருக்க வைப்பதற்கு என்ன பெயர், இரண்டும் எனக்கு வேண்டும். தொடக்கநிலை ஆசிரியர்கள் சொல்லோடு படமும் வரைந்து வாங்கி வந்தால் நல்லது. ஆங்கிலத்தில் அவற்றுக்கு என்ன சொல் என்று நான் தேடித் தருகிறேன்.